ஒரே வண்டிக்குப் போன இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன்?

கேள்வி:

வணக்கமுங்க டாக்டர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல தோட்டத்துல குடியிருக்கறோம். எங்க வீட்டுக்காரர் பதினாலு வருசமா போர்வெல் போடற ரிக் வண்டிக்குப் போறவர், டிரில்லர் வேலை. வயசு 36. எங்க அண்ணன் அதே வண்டிக்கு மேனேஜர். போன பங்குனியில சத்தீஸ்கர்ல ஒரு காட்டுல போர் போடறப்ப வண்டியோட மாஸ்ட்டுக் கம்பத்தைத் தூக்கையில மேல போன கரண்டு கம்பியில பட்டுருச்சு. வண்டியைத் தொட்டுக்கிட்டுக் கீழ நின்ன பையன் அந்த இடத்துலயே போயிட்டான். பத்தொம்பது வயசு. எடப்பாடிப் பக்கம். இவர்தான் அவங்கம்மாகிட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போனவர். லீவர் இவர் கையிலதான் இருந்தது. இவரையும் தூக்கி எறிஞ்சு கையில தீக்காயம். அண்ணன் டீசல் வாங்கப் போயிருந்தவர், வந்து பாத்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. பையனை மடியில போட்டுக்கிட்டு ஒன்றரை மணி நேரம் ஜீப்புல இவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அண்ணன் இருபதே நாள்ல வேற வண்டிக்குப் போயிட்டார். இவர் ஆறு மாசமா வீட்டுலயே இருக்கார். ராத்திரி கத்திக்கிட்டு எந்திரிக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்குக் கம்பரசர் வண்டி வந்த அன்னிக்குக் கட்டுத்தறிக்குப் போய் மாடுகளுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டார். கரண்டு கம்பிக்குக் கீழ நடக்கறதில்லை, பையனை ஸ்கூலுக்கு விடச் சுத்து வழியில போறார். இப்பக் குடியும் சேர்ந்துருச்சு. மெடிக்கல்ல கேட்டு வாங்கின தூக்க மாத்திரையும் போடறார். ஓனர் அட்வான்சைத் திருப்பிக் கேக்கறார். அந்தப் பையனோட அம்மா வாரம் ஒருக்காப் போன் பண்ணி அழுகுது. எங்க மாமியா, "எம்மவன் சின்னதுல இருந்தே பயந்தவன், ஒம்பது வயசுல அவங்கப்பனைக் கெணத்துல இருந்து எடுத்தப்பப் பாத்தவன்"னு சொல்றாங்க. மூணு கோயில்ல மந்திரிச்சாச்சு. ஒரே எடத்துல நின்ன எங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலை. இவருக்கு மட்டும் ஏனுங்க? மனசுல பலமில்லாத ஆளுங்களா? பையனுக்கு எட்டு வயசு. அவனுக்கும் இது வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "ஒரே எடத்துல நின்ன" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதமே அதை மறுக்கிறது. உங்கள் அண்ணன் டீசல் வாங்கப் போயிருந்தார். அவர் வந்து பார்த்தது, நடந்து முடிந்த ஒன்றை. உங்கள் வீட்டுக்காரர் கையில் லீவர் இருந்தது. அவரையும் மின்சாரம் தூக்கி எறிந்தது. கீழே கிடந்த அந்தச் சில நொடிகள் தானும் போய்ச் சேர்ந்தோம் என்றே நினைத்திருப்பார். எழுந்து பார்த்தால் பையன் கிடக்கிறான். யாரிடம் "நான் பாத்துக்கறேனுங்க" என்று சொல்லிக் கூட்டிவந்தாரோ, அந்தத் தாயின் பிள்ளை. பிறகு மடியில் அவனோடு ஒன்றரை மணி நேரம், தெரியாத ஊர், காட்டுப் பாதை. இருவரும் ஒரே வண்டிக்குப் போனவர்கள் என்பது மட்டும்தான் பொது. இருவருக்கும் நடந்தது ஒன்றல்ல.

இதை முதலிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. "மச்சானுக்கு ஒண்ணும் ஆகலையே, உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்வி உங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் ஏதாவது ஒரு வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும். யாரும் கேட்காவிட்டாலும் அவரே தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். இன்றிலிருந்து அந்த ஒப்பீட்டை நிறுத்துங்கள்.

நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்வது முறையல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. கத்திக்கொண்டு எழுவது, கம்பரசர் சத்தத்தில் உடம்பு அந்தக் காட்டுக்கே திரும்பிப் போய்விடுவது, மின்கம்பிக்குக் கீழே நடக்காமல் சுற்றுவழி போவது, தூக்கம் போனது, இவை ஒரு மாதத்தைத் தாண்டியும் ஆளை வேலைக்கும் வீட்டுக்கும் ஆகாமல் வைத்திருப்பது. இதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கிறோம். பி.டி.எஸ்.டி. என்பது சுருக்கம், இனி அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. உலகத்தில் நூறு பேரை எடுத்தால், ஏறத்தாழ 70 பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படிப்பட்ட கொடுமையான நிகழ்வைச் சந்திக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சந்தித்தவர்களில் பி.டி.எஸ்.டி. வருவது சுமார் 5.6 சதவீதம் பேருக்குத்தான். பெரும்பாலானவர்கள் சில வாரம், சில மாதம் கலங்கிப் பிறகு தேறுகிறார்கள். அப்படியானால் அந்தச் சிலர் யார், ஏன் அவர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1980-இல்தான் இந்த நோய்க்கு இந்தப் பெயரே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைமை அதற்கு முக்கியமான காரணம்.

2000-ஆம் ஆண்டில் லண்டனில் கிறிஸ் புரூவின் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும், அதுவரை வந்திருந்த 77 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். யாருக்கு இந்த நோய் வருகிறது என்பதில் பங்கு வகிக்கும் பதினான்கு காரணங்களை அலசினார்கள். நிகழ்வுக்கு முந்தியவை, அதாவது கல்வி, சிறுவயதுக் கஷ்டம், முன்பே மனநோய் இருந்தது, குடும்பத்தில் இருந்தது போன்றவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு. ஆனால் ஒவ்வொன்றின் பங்கும் தனியே சிறியது. அவற்றைவிடக் கூடுதலாகக் கனத்தவை மூன்று: நடந்தது எவ்வளவு கடுமையானது, அதற்குப் பிறகு கூட நிற்க ஆள் இருந்ததா, அதற்குப் பிறகு வாழ்க்கையில் வேறு என்ன நெருக்கடிகள் வந்து விழுந்தன. முதலாவது போன பங்குனியோடு போயிற்று. மற்ற இரண்டும் இந்த ஆறு மாதத்தில் உங்கள் தோட்டத்துச் சாளை வீட்டுக்குள் நடந்தவை, இன்னும் நடப்பவை. கைவைக்க முடிந்தவையும் இவைதான். அதனால் இவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

அதற்கு முன் உங்கள் மாமியார் சொன்னதைப் பற்றி.

"சின்னதுல இருந்தே பயந்தவன்" என்கிறார்கள். பதினான்கு வருடம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய், பாதிராத்திரியில் காட்டுக்குள் ராடு இறக்கியவரைப் பயந்தவர் என்று எப்படிச் சொல்வது? பயந்தவன் போகிற பொழப்பா அது? ஆனால் அந்தத் தாய் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அவர்களுக்குத் தெரியாமலே சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது வயதில் அப்பாவைக் கிணற்றிலிருந்து தூக்கியதை நின்று பார்த்த பிள்ளை அவர். முன்பு ஒரு பேரதிர்ச்சியைச் சந்தித்தவருக்கு, அடுத்தது வரும்போது பி.டி.எஸ்.டி. வரும் வாய்ப்பு கூடுகிறது. "ஒருக்கா அடிபட்டவன், பழகியிருக்குமே" என்று நாம் நினைப்போம். உடம்பு அப்படிப் பழகுவதில்லை. ஆபத்து என்று ஒரு தடவை கற்றுக்கொண்ட மூளை, அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக, இன்னும் சத்தமாக மணி அடிக்கிறது. அன்றைக்கு அந்தப் பிள்ளையை யாராவது பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார்களா என்று மாமியாரிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். கருமாதிக்கு வந்த ஒறம்பரைக்குச் சமைக்கவும், கடன்காரர்களுக்குப் பதில் சொல்லவுமே அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. அவர்களையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. புருசனைக் கிணற்றில் பறிகொடுத்தவர்கள், இப்போது மகனைப் பார்த்துப் பயந்துபோய் அப்படிப் பேசுகிறார்கள்.

மனபலம் இல்லாதவர் என்ற பேச்சுக்கு ஒரு பழைய கதை உண்டு, நீளமில்லை. முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் கைகால் நடுங்கி, பேச்சு நின்றுபோன சிப்பாய்களைக் கோழைகள் என்றார்கள். போர்முனையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் படையில் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-இல்தான் அந்நாட்டு நாடாளுமன்றம் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் பலர் இன்று என் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தால் சீட்டு எழுதிச் சிகிச்சை தொடங்கியிருப்பேன்.

நிகழ்வின்போது நடந்தவற்றில் எதெல்லாம் கனக்கும் என்று கேட்டால், உயிர் போய்விடும் என்று தோன்றியது, உடம்பில் காயம் பட்டது, கண்முன்னே சாவு, தன்னால் எதுவும் செய்ய முடியாமல் நின்றது. நாலும் அவருக்கு நடந்திருக்கிறது. இன்னொன்று உண்டு, அதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. நடக்கும் நேரத்தில் சிலருக்கு எல்லாம் தூரத்தில் நடப்பது போலவும், சத்தம் அடைத்துப்போனது போலவும், தானே வெளியில் நின்று பார்ப்பது போலவும் ஆகிவிடும். "நான் அழவே இல்லைங்க, கல்லு மாதிரி இருந்தேன்" என்று பிறகு சொல்வார்கள். கூட இருப்பவர்கள், ஆள் தெம்பாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அப்படி மரத்துப்போனவர்களுக்குத்தான் பின்னால் பி.டி.எஸ்.டி. வரும் வாய்ப்பு கூடுதல். அந்த ஜீப்பில் அவர் எப்படி இருந்தார் என்று உங்கள் அண்ணனைக் கேட்டால் தெரியும்.

குற்ற உணர்ச்சி தனி. லீவர் அவர் கையில் இருந்தது, கூட்டிவந்தவரும் அவர். ராத்திரி அவர் கத்துவது பயத்தால் மட்டும் இருக்காது. "நான் ஒரு நிமிசம் மேல பாத்திருந்தா" என்ற ஒரே வரி தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். "உன் தப்பில்லை, விடு" என்று நாம் சொன்னால் அந்த வரி நிற்காது. அவரே உட்கார்ந்து, போர் போடும் பாயிண்டை யார் குறித்தார்கள், கம்பி எவ்வளவு தூரத்தில் இருந்தது, யார் அவசரப்படுத்தினார்கள், எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கவேண்டும். சிகிச்சையில் இது ஒரு முக்கியமான வேலை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். திண்ணையில் நடத்தக் கூடாது.

இனி, பிறகு நடந்தவை.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கம்பரசர் சத்தம் கேட்டவுடன் கட்டுத்தறிக்குப் போய் மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைப் பைத்தியத்தின் அடையாளமாக நினைத்துப் பயந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. எனக்கு அது அப்படித் தெரியவில்லை. மாடு கேள்வி கேட்காது. சூடான உடம்போடு, நிதானமாக அசைபோட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும். நடுங்கும் உடம்பு நிதானமான இன்னொரு உடம்பைத் தேடிப் போயிருக்கிறது. வீட்டில் அத்தனை பேர் இருந்தும் அது கட்டுத்தறிக்குப் போனதே என்பதுதான் நாம் யோசிக்கவேண்டியது.

கூட நிற்பது என்றால் என்னவென்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஊர், பெயர், வயது அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டிய ஒருவருக்குப் பக்கத்துத் தறியில் ஒரு பெண்ணின் சேலை சிக்கி இழுத்ததைக் காப்பாற்றப் போய் விரல் போயிற்று. அந்தப் பெண் பிழைக்கவில்லை. இரண்டு மாதம் தறிச் சத்தம் கேட்டாலே வாந்தி. அவர் வேலை செய்த பட்டறைக்காரர் செய்தது இதுதான். முதல் வாரம் பட்டறைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த வாரம் தறி நின்றிருக்கும் மத்தியான நேரத்தில் உள்ளே வரச் சொன்னார். பிறகு பாவு ஏற்றுகிற இடத்தில், தறிக்கு எட்டத்தில் வேலை. கூலி குறைக்கவில்லை. அவருடைய சம்சாரம் ஒவ்வொரு நாளும் மரத்தடி வரை கூடவே வந்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பட்டறைக்காரர் மனநலம் படித்தவர் அல்ல. ஆனால் அவர் செய்தது நாங்கள் சிகிச்சையில் படிப்படியாகச் செய்வதற்கு மிக நெருக்கமானது. எங்களிடம் வந்தபோது பாதி வேலையை அவர்கள் முடித்திருந்தார்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைத்திருப்பது என்ன? அட்வான்சைக் கேட்டு ஓனரின் போன். வாரம் ஒரு தடவை அந்தத் தாயின் அழுகை. வருமானம் நின்றது. "ஆம்பளை இப்படி மூலையில உக்காந்திருந்தா" என்ற பேச்சு. அதோடு, வருகிற ஒறம்பரை ஒவ்வொருவரும் "என்னதான் ஆச்சு, சொல்லு" என்று ஆரம்பத்திலிருந்து சொல்லவைத்திருப்பார்கள். இதை உடனே தடுங்கள். நடந்த உடனேயே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லவைத்துவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று ஒருகாலத்தில் டாக்டர்களே நம்பினோம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அப்படி ஒரே அமர்வில் கொட்டவைப்பது நோயைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்கு நிலைமையை மோசமாக்கலாம் என்றும் தெரிந்து அந்த முறையைக் கைவிட்டோம். அவராகப் பேசினால் காது கொடுங்கள். தோண்டாதீர்கள்.

செல்போனையும் பாருங்கள். இந்த மாதிரி விபத்துகளின் வீடியோ டிரைவர்கள், வேலைக்காரர்களின் வாட்ஸப் குழுக்களில் சுற்றும். அவர் போனில் அந்தப் பையனின் படமோ, அந்த இடத்தின் வீடியோவோ இருந்து அதை ராத்திரி எடுத்துப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அவர் சம்மதத்தோடு வேறு ஒருவர் போனுக்கு மாற்றிவிட்டு இங்கே அழித்துவிடலாம். போலீஸ் விசாரணைக்கோ இழப்பீட்டுக்கோ தேவைப்படும் என்பதால் அடியோடு அழிக்கவேண்டாம்.

குடியும் மாத்திரையும். தூக்கம் வரட்டும் என்றுதான் தொடங்கியிருப்பார், அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் சாராயம் தூக்கத்தின் முதல் பாதியைக் கொடுத்துப் பின்பாதியைப் பறித்துக்கொள்ளும். கெட்ட கனவு வருவதே அந்தப் பின்பாதியில்தான். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கிடைக்கும் தூக்க மாத்திரைகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அந்த வகை பி.டி.எஸ்.டி.யைக் குணப்படுத்தாது, நாள்பட்டால் பழக்கமாகும், சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். இரண்டும் ஒரே ராத்திரியில் கூடவே கூடாது. அதே சமயம் மாத்திரையைப் பிடுங்கித் தூக்கி எறியவும் வேண்டாம். மாதக்கணக்காகப் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு நீங்கள் ஒரு காரியம் செய்யலாம். வேலையின்போது நடந்த சாவுக்கு இழப்பீடு கொடுக்கவேண்டியது வண்டி உரிமையாளர். 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் அப்படித்தான் சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. சத்தீஸ்கரில் நடந்திருந்தாலும், குடும்பம் குடியிருக்கும் பகுதியிலேயே தொழிலாளர் துறையில் மனு கொடுக்க முடியும். இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும், ஆறு மாதம் போய்விட்டது. உங்கள் அண்ணன் மேனேஜராக இருந்தவர். யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார்கள், என்ன சம்பளம் என்பது அவருக்குத் தெரியும். அவர் அந்தத் தாயை ஒரு வக்கீலிடம் கூட்டிப்போகட்டும். அதுவரை வாரப் போனை நீங்கள் எடுங்கள். "அவருக்கு உடம்பு சரியில்லைங்க்கா, நான் பேசறேன்" என்று சொல்லி அழுகையைக் கேளுங்கள். அந்தத் தாய்க்கும் ஆள் வேண்டும். பொதுவாகவே ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. அவர்களும் தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று கோயிலில் மந்திரித்ததைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். திருநீறு போட்டு, தலையைத் தொட்டு, "ஒண்ணும் ஆகாது சாமி" என்று ஒரு பெரியவர் சொன்னதில் அவருக்கு அந்த நேரத்துக்கு ஆறுதல் கிடைத்திருந்தால் நல்லதே. மூன்று தடவையும் நீங்கள் கூடவே போனீர்கள், அது அவருக்குத் தெரியும். காற்று கருப்பு என்று சொல்லிச் சாட்டையால் அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் அந்த வாசலிலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

பையனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டா என்றால் உண்டு. வியட்நாம் காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்த ஆயிரக்கணக்கான இரட்டையர்களை வைத்து 1993-இல் வெளியான ஆய்வில், ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மரபணுவின் கை இருக்கலாம் என்று கண்டார்கள். உங்கள் பையனுக்கு மூன்றில் ஒரு வாய்ப்பு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பாவின் கண் நிறம் வருவதைப்போல இந்த நோய் இறங்கி வராது. ஒரு கொடுமையான நிகழ்வு நடந்தால்தான் இதற்கு வேலை. நடந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. எட்டு வயதுப் பையனுக்கு இப்போது தேவை வேறு. அப்பா ஏன் கத்துகிறார், நம்மால்தானா என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். குழந்தைகள் காரணம் தெரியாதபோது தங்களையே காரணமாக்கிக்கொள்வார்கள். "அப்பா வேலை செஞ்ச எடத்துல ஒரு அண்ணன் செத்துப்போயிட்டான், அது அப்பாவுக்குக் கனவுல வருது, டாக்டர்கிட்டப் போறோம், சரியாயிரும்" என்று நீங்களே சொல்லுங்கள். சுற்றுவழியில் ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிற அப்பா, அந்த நிலைமையிலும் கூட்டிப்போகிறார் என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

ஒன்பது வயதில் அவருக்குக் கிடைக்காமல் போனது இந்தப் பேச்சுதான்.

சிகிச்சைக்கு வருவோம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உங்களுக்குப் பக்கமாக நாமக்கல்லிலும், இந்தப் பக்கம் பெருந்துறையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மனநலப் பிரிவு என்று கேட்டுப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் தாலுகா மருத்துவமனைக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார், திருச்செங்கோடு அரசு ஆஸ்பத்திரியில் எந்த நாள் என்று விசாரியுங்கள். போனவுடன் "தூக்கம் வர்றதில்லை" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரைதான் கிடைக்கும். எனக்கு எழுதியதைப் போலவே சொல்லுங்கள்: பங்குனியில் என்ன நடந்தது, எந்தச் சத்தத்துக்கு என்ன ஆகிறது, எந்த வழியில் நடப்பதில்லை, ஒன்பது வயதில் என்ன பார்த்தார். இந்தக் கடிதத்தின் நகலையே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

நல்ல பலன் தருவது பேச்சுச் சிகிச்சை. வாரம் ஒரு தடவை, பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. பாதுகாப்பான அறையில், அவர் தாங்கும் அளவுக்கு, அந்த நினைவை எடுத்துப் பார்த்து, விலக்கி வைத்திருக்கும் இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போவது. மின்கம்பிக்கு எட்டத்தில் நிற்பதில் தொடங்குவார்கள், லீவரில் அல்ல. கண் அசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. மாத்திரை தேவைப்பட்டால் செர்ட்ரலின், பராக்சிடின் போன்றவை தருவார்கள். பழக்கமாகும் வகை அல்ல இவை. வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

டாக்டரிடம் போகும் வரைக்கும் இரண்டு காரியம். தோட்டத்து வீட்டில் பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பா எங்கே இருக்கிறது? இன்றைக்கே எடுத்துப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு அவர் தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போயிரலாம்னு தோணுதுங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. ராத்திரியாக இருந்தால் 14416. அது டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தீபாவளி வருகிறது. கம்பி வெடித்த சத்தத்துக்கும் அணுகுண்டுப் பட்டாசின் சத்தத்துக்கும் அவர் உடம்பு வித்தியாசம் பார்க்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் எத்தனை மணிக்கு வெடிப்பார்கள் என்று கேட்டு அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எதிர்பார்த்து வரும் சத்தம் பாதி சத்தம்தான். பையனுக்கு மத்தாப்பும் பூச்சட்டியும் போதும். அப்பாவையே பற்றவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அவர் சம்மதித்தால் மட்டும்.

கடைசியாக உங்கள் அண்ணன். "ஒண்ணும் ஆகலை" என்று எழுதிய அதே கடிதத்தில், இருபது நாளில் வேறு வண்டிக்கு மாறிப் போய்விட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் வேறு வண்டி? சம்பளத்துக்காக இருக்கலாம். அந்த வண்டியில் ஏற முடியாததாலும் இருக்கலாம். சிலருக்கு இந்த நோய் ஆறு மாதம் கழித்தும் முழு உருவில் வெளியே வரும். அதுவரை வேலையில் தலையைப் புதைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். தீபாவளிக்கு அவர் ஊருக்கு வருவாரல்லவா? மாப்பிள்ளையும் மச்சானும் கட்டுத்தறிப் பக்கம் உட்காரட்டும், நீங்கள் காபி கொண்டுபோய்க் கொடுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது அண்ணனிடமும் கேளுங்கள், "நீ தூங்கறயாண்ணா?" என்று.

அன்புடன்,
உங்கள் மனநல மருத்துவர், ஈரோடு